பேட் மட்டும் மாற்றினால் போதாது, கைட் பின்னையும் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலைநாட்டு வீதியில் ஒரு லொறியோ பஸ்ஸோ உருண்டால் மறுநாள் பத்திரிகைகளில் படம் வரும், கீழே ‘பிரேக் செயலிழந்ததாகத் தெரிகிறது’ என்று ஒரு வரி வரும், அத்தோடு செய்தி முடிந்துவிடும். பிரேக்கில் எது பழுதானது, எத்தனை மாதமாகப் பழுதாகிக்கொண்டிருந்தது, யாராவது சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்குமா என்பதெல்லாம் எழுதப்படுவதில்லை. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லயில் 20க்கும் மேற்பட்டோரும், அதே வருடம் செப்டம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் 15 பேரும் பஸ் விபத்துகளில் உயிரிழந்தார்கள். அவற்றின் காரணம் என்னவென்று சொல்வது விசாரிப்பவர்களின் வேலை, நான் அதற்குள் போகவில்லை. ஆனால் இப்படி ஒன்று நடந்த பிறகு வரும் பேச்சு பெரும்பாலும் சாரதி, வேகம், நித்திரை, வளைவு என்றே சுற்றுகிறது. சில்லுக்குள் இருக்கும் இரும்பைப் பற்றி வடிவாகக் கதைப்பவர்கள் மிகக் குறைவு.

நான் கொழும்பு 14இல் கொன்டெய்னர் இழுக்கும் பிரைம்மூவர்களின் பராமரிப்பைப் பார்ப்பவன். துறைமுகத்தில் ஏற்றி, பேலியகொடை தாண்டி, கண்டி வீதி பிடித்து மலைநாட்டுக்குப் போய், திரும்பும்போது தேயிலையோடு இறங்குகிற வண்டிகள். இந்தக் கடிதம் அந்த வண்டிகளின் டிஸ்க் பிரேக்கில் உள்ள ஒரு சின்ன இடத்தைப் பற்றியது: கலிப்பரில் கைட் பின் நுழையும் ஹவுசிங். சில்லோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கை, பேட் என்ற உராய்வுத் தகடுகளால் இரண்டு பக்கமும் கவ்வுவது கலிப்பர், அது நகர்வதற்குத் தாங்கி நிற்கும் இரும்புக் கம்பி கைட் பின். கராஜ்காரர்களின் விஷயம் என்று தயவுசெய்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், இந்த வண்டிகளுக்கு முன்னால்தான் உங்கள் பிள்ளைகளின் பாடசாலை வான் போகிறது.

நம் நாட்டு லொறிகளில் அதிகமானவை இன்னமும் டிரம் பிரேக்தான். டிஸ்க் பிரேக் வருவது ஐரோப்பிய பிரைம்மூவர்களில், சில டிரெய்லர் அச்சுகளில், தூர இடத்துக்கு ஓடும் சில சொகுசு பஸ்களில். எண்ணிக்கை குறைவென்றாலும் இவைதான் பாரம் கூடியவை. காரின் டிஸ்க் பிரேக்கைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கை இதையும் அப்படியே நினைத்துத் தொடுகிறது, பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

காரில் எண்ணெய் அழுத்தம், இதில் காற்று. காற்று போய் நிறையும் குடுவையான சேம்பரில் 24 என்று எண் இருந்தால், உள்ளே காற்று தள்ளுகிற பரப்பு 24 சதுர அங்குலம் என்று அர்த்தம். 100 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அழுத்தத்தில் காற்று போனால் 2,400 இறாத்தல் விசை வரும், அது ஒரு தொன்னுக்கும் சற்று மேல். கலிப்பருக்குள் இருக்கும் லீவர் அதைப் பன்மடங்காக்கி உள்பக்கத்துப் பேடை டிஸ்க்கின் மேல் அமுக்குகிறது. கவனியுங்கள், உள்பக்கத்துப் பேடை மட்டும். வெளிப்பக்கம் ரிம்முக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இன்னொரு சேம்பர் வைக்க இடம் இல்லை. அதனால் உள்பேட் டிஸ்க்கில் முட்டியதும், அந்த எதிர்விசையில் கலிப்பர் முழுவதும் உள்பக்கமாக நகர்ந்து, வெளிப்பேடை இழுத்துக்கொண்டுவந்து டிஸ்க்கின் மறுமுகத்தில் அமர்த்த வேண்டும். அந்த நகர்வு நடந்தால்தான் டிஸ்க் இரண்டு பக்கமும் பிடிபடும்.

கலிப்பர் எதன்மேல் நகர்கிறது? அச்சோடு இறுக்கிய கரியர் என்ற சட்டம் அசையாது. அதில் இரண்டு பின்கள் போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். கலிப்பரின் வார்ப்பிரும்பிலேயே அந்தப் பின்களுக்கென்று குழாய் மாதிரி இரண்டு துளைகள் கடையப்பட்டிருக்கும், அவைதான் ஹவுசிங். உள்ளே பின் வழுக்கிப் போவதற்குப் புஷ் என்ற ஒரு வளையம் இருக்கும், வகையைப் பொறுத்துப் பித்தளையாகவோ உராய்வு குறைந்த பூச்சுள்ளதாகவோ இறப்பராகவோ இருக்கும். ஒரு முனையில் மூடி, மறுமுனையில் பூட் என்ற மடிப்பு மடிப்பான இறப்பர் உறை. பின்கள் இரண்டும் ஒரே மாதிரி இல்லை. நீளமானது இடைவெளி மிகக் குறைவாகப் பொருந்தி கலிப்பருக்குத் திசை காட்டும், குட்டையானது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அகலமான அலுமாரி லாச்சியை ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு சிக்கும் அல்லவா, இரண்டு பின்னும் ஒரே இறுக்கத்தில் இருந்தால் சூட்டில் விரியும் கலிப்பருக்கும் அதுதான் நடக்கும். கழற்றும்போது எது எங்கே இருந்தது என்று பார்க்காமல் இடம் மாற்றிப் பூட்டிவிட்டால் புதுச்சாமான் போட்டும் பயனில்லை.

நகர்வு எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒருமுறை பிரேக் பிடிக்கும்போது ஒரு மில்லிமீற்றர் அளவுதான். ஆனால் பேட் தேயத் தேய கலிப்பர் மெதுவாக உள்ளே உள்ளே வந்துகொண்டே இருக்கும். இந்த அளவு வண்டிகளுக்குப் பரவலாக வரும் ஒரு வகையில் புதுப் பேட் பின்தகட்டோடு சேர்த்து 30 மில்லிமீற்றர், 11 ஆனால் மாற்ற வேண்டும். டிஸ்க் புதிதில் 45, அதன் எல்லை 37. வெளிப்பேட் தேய்ந்ததும் டிஸ்க்கின் வெளிமுகம் தேய்ந்ததும் சேர்ந்தால் கலிப்பர் பின்னின் மேல் 20 மில்லிமீற்றருக்கு மேல் இடம் மாறியிருக்கும். அவ்வளவுக்கும் பூட் நீண்டு கொடுத்திருக்கும், புஷ்ஷுக்கு வெளியே வந்துவிட்ட பின்னின் பகுதி அந்தப் பூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் நின்றிருக்கும்.

நான் இவ்வளவு நீட்டிச் சொல்வது இந்த இடத்துக்காகத்தான். பூட்டில் ஊசிமுனை அளவு கீறல் இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய் அந்த வெளிவந்த பகுதியில் துரு பிடிக்கும். பழைய பேட் இருக்கும்வரை அது தெரியாது, ஏனென்றால் புஷ் அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. தேய்ந்த பேடைக் கழற்றி, கலிப்பரை வெளிப்பக்கமாகத் தள்ளி, புதுப் பேட் போட்ட உடனே துருப்பிடித்த அதே பகுதி புஷ்ஷுக்குள் நுழைகிறது. இறுகுகிறது. ‘புதுப் பேட் போட்டுக் கொஞ்ச நாளிலேயே சில்லு கொதிக்குது, பேட் சாமான் சரியில்லை’ என்று சாரதிமார் வந்து சொல்வதன் பின்னால் பல தடவை இருப்பது இதுதான். அப்புறம் கடைக்காரனோடு சண்டை, இன்னொரு கம்பனியின் பேட், மறுபடியும் அதே கொதிப்பு. பின்னை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை.

கலிப்பர் இறுகினால் நடப்பது இரண்டில் ஒன்று, சிலவேளை இரண்டும். பிரேக் பிடிக்கும்போது வெளிப்பேட் வராது, உள்பேட் தனியாக டிஸ்க்கைத் தள்ளிக்கொண்டிருக்கும், அந்தச் சில்லு தன் பங்கை நிறுத்தாது, மற்றச் சில்லுகள் அதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கும். அல்லது காலை எடுத்த பிறகும் விடாது, பேட் உரசிக்கொண்டே போகும், டிஸ்க் கொதிக்கும், ஹப்பின் கிறீஸ் உருகி வெளியே வரும், பெயாரிங் போகும், கடைசியில் டயர் பற்றும். கம்பளையிலிருந்து ரம்பொடை ஏறி நுவரெலியா போய்த் திரும்பி இறங்கும் வண்டிக்கோ, கடுகண்ணாவையில் கொழும்புப் பக்கம் இறங்கும் வண்டிக்கோ ஒரு அச்சில் இப்படி இருந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

சாரதிக்கு இது காலில் தெரியாதா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தெரியாது. எண்ணெய் பிரேக்கில் பெடல் கீழே போகும், மெத்தென்று இருக்கும், ஏதோ ஒரு சமிக்ஞை கிடைக்கும். காற்று பிரேக்கின் பெடல் வெறும் வால்வு, கலிப்பர் நகர்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. போதாததற்கு உள்ளே இருக்கும் தானியங்கி அஜஸ்டர் உள்பேடின் தேய்வை ஈடுகட்டிக்கொண்டே போகும், ஆகவே எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே வண்டி ஓடும். அதனால்தான் சாரதியை மட்டும் குற்றம் சொல்லி முடிப்பது எனக்குச் சம்மதமில்லை. அவருக்குத் தெரியவர வழியில்லாத ஒன்றை வேறு யாரோ பார்த்திருக்க வேண்டும்.

பார்ப்பது கஷ்டமும் இல்லை. மட்டமான தரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு அடை வைத்து, பிரேக் ஆறிய பிறகு, கைப்பிரேக்கை விடுவித்து, கலிப்பரை இரண்டு கையாலும் பிடித்து அச்சின் திசையில் உள்ளும் புறமும் தள்ளி இழுங்கள். மேலே சொன்ன வகையில் 0.6 முதல் 1.1 மில்லிமீற்றர் வரை அசைய வேண்டும். அசையவே இல்லையென்றால் இறுகியிருக்கிறது. அதிகமாக அசைந்தால் அஜஸ்டரைப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் ஆடி ‘கட கட’ என்றால் புஷ்ஷோ ஹவுசிங்கோ தேய்ந்துவிட்டது. அப்படியே பேடின் தடிப்பையும் பாருங்கள், உள்பேட் கரைந்து வெளிப்பேட் புதுசு மாதிரி இருந்தால், அல்லது ஒரே பேட் ஒரு முனையில் தடிப்பாகவும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு மாதிரி இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பேட் மாற்றும் நாளில் இன்னும் சுலபம்: பேட் இரண்டையும் எடுத்துவிட்டு, கலிப்பரை அதன் முழுத் தூரத்துக்கும் கையாலேயே முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஆலவாங்கு தேவைப்பட்டால் அந்தக் கலிப்பர் வீதிக்குப் போகக்கூடாது. ஓட்டம் முடிந்து வந்து நிற்கும்போது ஒரே அச்சின் இரண்டு பக்கச் சூட்டையும் தொடாமல் அளக்கும் கருவியால் ஒப்பிடுவதும் நல்லது. கொவிட் காலத்தில் நெற்றிக்குப் பிடித்த கருவி இதற்கு உதவாது, அது உடம்புச் சூட்டுக்கு மட்டுமே செய்தது, கராஜுக்கென்று இருப்பதை வாங்குங்கள்.

கொழும்பில் இந்தப் பாகம் சீக்கிரம் கெடுவதற்குக் காரணங்கள் உண்டு. துறைமுகத்தில் நாள்முழுக்க வரிசையில் நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்று. களனி கங்கை பெருகினால் தாழ்ந்த பகுதிகளில் நிறுத்தியிருக்கும் வண்டிகள் அச்சளவு தண்ணீரில் நிற்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது வெள்ளம் எங்கெங்கே ஏறியது என்று எல்லோரும் பார்த்தோம். அப்படித் தண்ணீரில் நின்ற வண்டிக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றுகிறார்கள், பேட்டரி மாற்றுகிறார்கள், கலிப்பரின் மூடியைத் திறந்து உள்ளே சேறு இருக்கிறதா என்று பார்ப்பவர் அரிது. அடுத்தது சேர்விஸ் நிலையங்களில் அடிக்கும் அழுத்தத் தண்ணீர். துப்பாக்கியை நேராகப் பூட்டின் மேல் பிடித்து அடித்தால் நல்ல பூட்டுக்குள்ளும் தண்ணீர் போகும்.

கிறீஸ் விஷயம் இன்னும் மோசம். பெயாரிங்குக்கு அடிக்கிற சாதாரணக் கிறீஸைக் கைட் பின்னுக்கும் அப்பிவிடுகிறார்கள். அது கனிம எண்ணெயில் செய்தது, பூட்டுகளில் பாவிக்கும் பல வகை இறப்பரை அது ஊதிப் பருக்க வைக்கும். பருத்த இறப்பர் பள்ளத்தில் நிற்காமல் கழன்றுவிடும், பிறகு தண்ணீருக்குத் தனி அழைப்பு வேண்டியதில்லை. பின், புஷ், பூட் எல்லாம் சேர்ந்து வரும் கைட் கிட்டோடு சிறு பையில் வரும் கிறீஸ் விலை கூடியது என்று யாரும் எடுத்து வைத்துவிட்டு வேறொன்றைப் பூச வேண்டாம், அந்தப் பாகத்துக்கென்றே கொடுத்தது அது. பின்னின் போல்ட்டும் அப்படித்தான்: பெரும்பாலான கைநூல்கள் புதுப் போல்ட் போட்டு, குறித்த முறுக்குக்கு இறுக்கி, அதற்கு மேல் குறித்த பாகை அளவுக்குத் திருப்பச் சொல்கின்றன. நீண்ட குழாய் கோர்த்து ‘இனிமேல் போகாது’ என்று நிறுத்துவது அளவு இல்லை.

இனி உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு வருகிறேன். அங்கே நேர்மையாக வியாபாரம் செய்யும் பலரை எனக்குத் தெரியும், கிடைக்காத சாமானை எங்கிருந்தோ தேடித் தந்து வண்டியை ஓட வைத்தவர்கள். ஆனால் புதுப்பித்த கலிப்பர் என்று விற்கப்படுவதில் ஒரு பெரிய பிரச்சினை இருக்கிறது. ஒரு கடையில் வாங்கிய கலிப்பர், மணல் அடித்து, வெள்ளி நிறப் பெயின்ட் பூசி, புதுப் பூட்டோடு பளபளவென்று வந்தது. பூட்டுமுன் பின்னைச் செருகிப் பார்த்தோம், ஒரு பக்கம் தொளதொளவென்றும் மறுபக்கம் பாதியில் சிக்கியும் நின்றது. உள்ளே அளந்தால், தேய்ந்து முட்டை வடிவான ஹவுசிங்கைக் கடைசல் பட்டறையில் பெரிதாக்கி, உள்ளே சிலீவ் என்ற ஒரு குழாயை அடித்து இறக்கியிருந்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தபோது ‘எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்பதே பதில். பணம் திரும்பவில்லை. அந்தக் கலிப்பரை வண்டியில் பூட்டவில்லை.

கடைசல்காரர்களின் திறமையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை, இந்த ஊரில் அவர்கள் இல்லாமல் பாதி வண்டி ஓடாது. ஆனால் இந்த வேலைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு ஹவுசிங்கும் ஒன்றுக்கொன்று சரியாக இணையாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் கலிப்பரை அசையாமல் பிடித்து இரண்டு துளையையும் ஒரே நிலையில் வைத்துக் கடைவது அதற்காகத்தான். இங்கே கெட்டுப்போன ஒன்றை மட்டும் தனியாகப் பிடித்துக் கடைகிறார்கள், மயிரளவு சாய்ந்தாலும் மறுமுனையில் பின் சிக்கும். அதோடு ஹவுசிங்கைச் சுற்றியுள்ள வார்ப்பின் தடிப்பு குறைகிறது, எந்த அளவுக்குக் குறையலாம் என்று எந்தக் கைநூலும் அனுமதி தரவில்லை. புஷ், பின், பூட், மூடி எல்லாம் கிட்டாகக் கிடைக்கும், அவற்றை மாற்றுவது கராஜ் வேலை. துளை தன்னிலேயே கெட்டுவிட்டால் கலிப்பரை மாற்றத்தான் வேண்டும். இது எனக்கும் பிடித்த பதில் இல்லை, ஏனென்றால் பில்லை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுப்பவன் நான்.

முதலாளிமாரின் கஷ்டமும் எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி ஏறக்குறைய ஐந்து வருடம் கழித்துத்தான் மீண்டும் திறந்தது. இடையில் டொலர் ஏறிய வேகத்தில் உதிரிப்பாக விலை எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. மாற்ற வேண்டிய வண்டிகளை எல்லோரும் இழுத்துப்பிடித்து ஓட்டினோம். பிரிட்டனிலிருந்து ஏற்கெனவே ஓடித் தேய்ந்து வந்த பிரைம்மூவர்கள் இங்கே இன்னும் பல வருடம் உழைத்தன. அப்படிப்பட்ட வண்டியில் கைட் கிட்டை ஒத்திப்போடுவது எப்படி வழக்கமானது என்பது விளங்குகிறது. என்றாலும் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பாருங்கள்: இறுகிய கலிப்பர் ஒன்று முதலில் ஒரு செட் பேடைத் தின்னும், பிறகு டிஸ்க்கை வெடிக்க வைக்கும், பிறகு ஹப் பெயாரிங், டயர், நடுவழியில் நின்ற கொன்டெய்னருக்குத் தாமதக் கட்டணம். இவ்வளவையும் தவிர்க்கும் கிட் ஒரு டயரின் விலைக்குக்கூட வராது. அதிலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டுவிட்டு மறுபக்கத்தை விடுவது சரியில்லை, அச்சின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிக்க வேண்டும்.

மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். பாரமான வண்டிகளுக்கும் பஸ்களுக்கும் வருடாந்தம் தகுதிச் சான்றிதழ் எடுக்கிறோம், அது இல்லாமல் வருமான உத்தரவுப்பத்திரம் கிடைக்காது. அந்தப் பரிசோதனையில், காற்று டிஸ்க் பிரேக் உள்ள வண்டி என்றால், ஒவ்வொரு கலிப்பரையும் கையால் அசைத்துப் பார்த்ததாகவும், உள்பேட் வெளிப்பேட் தடிப்புகளைத் தனித்தனியாக எழுதியதாகவும் இரண்டு வரி கட்டாயமாக இருக்கட்டும். ஒரு சில்லுக்குச் சில நிமிட வேலை, இயந்திரம் வாங்கத் தேவையில்லை. பிரேக் பிடித்துச் சில்லு நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் பாரமில்லாத வண்டி எப்படியும் நின்றுவிடும், ஒரு பக்கப் பேட் மட்டும் வேலை செய்தாலும் நின்றுவிடும்.

பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜேர்மன் டெக் என்று நாம் சொல்லும் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் 1959 முதல் நல்ல மெக்கானிக்மாரை உருவாக்கி வருகிறது, தேசிய பயிலுனர் அதிகாரசபையும் இருக்கிறது. கிராண்ட்பாஸிலும் ஒருகொடவத்தையிலும் பத்து வருடமாகப் பாரமான வண்டி வேலை செய்யும் தம்பிமாருக்கு வருடக்கணக்கில் போகும் கற்கைநெறிக்குப் போக நேரமில்லை. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில் ஒருநாள் வகுப்பு, கையில் ஒரு கலிப்பரை வெட்டித் திறந்து காட்டி, தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு ஒரு தாள் கொடுத்தால் போதும். இப்போது அவர்களிடம் இருப்பது ஆங்கிலக் கைநூலின் மங்கிய போட்டோப்பிரதி. அதைப் பார்த்து நீளப் பின்னும் குட்டைப் பின்னும் எது எங்கே என்று ஊகிக்கிறார்கள், பூட்டை அமர்த்தும் கருவி இல்லாமல் திருப்புளியால் நெம்பி அங்கேயே கிழித்தும் விடுகிறார்கள். கருவி கொடுத்தால் பிழைவிடாத கைகள் அவை, அவர்களோடு வேலை செய்பவன் என்பதால் சொல்கிறேன்.

கலிப்பர் இறக்குமதி செய்பவர்களும் கைட் கிட்டைத் தனியாக இருப்பில் வைத்திருங்கள். முழுக் கலிப்பர் விற்றால்தான் லாபம் என்பது விளங்குகிறது, ஆனால் கிட் கிடைக்காத இடத்தில்தான் சிலீவ் அடிக்கும் வேலை வளர்கிறது.

ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதத்தை வெளியிடுவதோடு நின்றுவிடாமல், தகுதிச் சான்றிதழ்ப் பரிசோதனையில் டிஸ்க் பிரேக் கலிப்பருக்கு இப்போது என்ன பார்க்கிறார்கள் என்று உங்கள் நிருபர் ஒருவரைத் திணைக்களத்துக்கு அனுப்பிக் கேட்டு எழுதுங்கள். தேவையென்றால் தேய்ந்த பின், முட்டையான ஹவுசிங், பருத்த பூட் எல்லாம் எங்கள் கராஜில் வைத்திருக்கிறேன், வந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கொன்டெய்னர் வண்டிப் பராமரிப்பாளர் ஒருவர்,
கொழும்பு 14